வார்டு கணக்கைப் பகுதி சபாவில் வாசிக்கக் கோரி மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: சென்னையில் வார்டு வாரியான வரவு செலவைப் பகுதி சபாவில் (வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் அங்குள்ள மக்கள் கூடும் கூட்டத்தில்) வைக்க ஆணையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்களே, அப்போது உள்ளே வந்த பகுதி ஒன்றில் குடியிருக்கிறேன். சொத்து வரியைத் தவறாமல் கட்டுகிறேன். வரியைக் குறையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை.

2011-ல் சேர்ந்த ஊர்களில் ஒன்றான ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 1990களின் கடைசியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அன்றைக்கு அது சின்னத் தொகையா? செப்டிக் டேங்க் லாரிக்குக் காசு கொடுத்தே சலித்துப்போயிருந்த ஜனங்கள், குழாய் பதிக்கும் முன்பே கட்டினார்கள், ஏனென்றால் குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுத் தெருத் தெருவாக விளக்கிச் சொன்னார்கள், பணம் எதற்கு என்று கட்டியவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அது தெரியவில்லை. சென்னை 200 வார்டாகிவிட்டது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரிதான். தேர்தல் முடிந்த கையோடு அதே ஆண்டு ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்தது. கட்டினோம். ஆனால் எங்கள் வார்டில் எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு இங்கே செலவானது என்று கேட்டால் ஒற்றை எண்ணைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை.

எங்கள் தெருவுக்குப் புது ரோடு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு துறை வந்து குறுக்கே வெட்டிக் குழாய் பதித்துவிட்டு, மேலே மண்ணையும் ஜல்லியையும் தள்ளிவிட்டுப் போனது. முதல் மழையிலேயே அது ஒரு முழம் கீழே இறங்கியது. காலையில் பால் வாங்கப் போன என் அம்மா அதில் கால் இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். ரோடு ஒருவர், குடிநீர் இன்னொருவர், கேபிள் வேறொருவர், சரி, ஆனால் மூவரும் ஒரே அட்டவணையைப் பார்த்து வேலை செய்தால் என்ன?

2022-லேயே வார்டு குழு, பகுதி சபா விதிகளை அரசு கொண்டுவந்துவிட்டது. நல்ல விஷயம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அதனால் தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இவ்வளவுதான்: பகுதி சபா கூடும் தேதியைப் பதினைந்து நாள் முன்பே ரேஷன் கடையிலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். வார்டின் வரி வசூலையும் செலவையும் ஒரே தாளில், தமிழில் அச்சடித்து அங்கே வாசிக்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் எந்தத் தெருவை எந்தத் துறை தோண்டப்போகிறது என்ற பட்டியலும் அதோடு வர வேண்டும், பட்டியலில் இல்லாத தெருவை அவசரம் தவிர வேறு காரணத்துக்கு வெட்ட அனுமதி தரக் கூடாது. அப்புறம், கூட்டத்தில் போட்ட தீர்மானத்துக்கு என்ன ஆனது என்பதை அடுத்த கூட்டத்தில் முதலில் சொல்ல வேண்டும்.

வரும் பகுதி சபாவிலிருந்தே இதைத் தொடங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் 64 பேரின் கையெழுத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் குடியிருப்பாளர்