எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

இந்த வருட நோட்டீஸ் பார்த்தேன். முதல் நாள் சினிமாப் பாட்டுக் கானமேளா, மறுநாள் பட்டிமன்றம், கடைசி நாள் கோயம்புத்தூரிலிருந்து இன்னொரு இசைக்குழு. குறை ஒன்றும் இல்லை. ஆனால் நம்ம ஊர்ப் பையன்கள் தங்கள் இசைக்குழுவுக்கு மேடை கேட்டு வந்தபோது, "பேண்டெல்லாம் நம்ம சனத்துக்கு ஒத்து வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்களாமே?

ஒத்து வருமா வராதா என்பதை எங்கள் வீட்டில் 2013-லேயே பார்த்துவிட்டோம். மாத்ருபூமி மலையாளப் பத்திரிகைக்காரர்கள் கப்பா டி.வி. என்ற சேனலைத் தொடங்கிய வருடம். கேரளாவில் இருந்தாலும், தமிழ் பேசும் நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேபிளில் தமிழ்ச் சேனல்கள்தான் முதலில் வரும். மலையாளத்துக்கு ரிமோட்டை நிறைய அமுக்க வேண்டும். அப்படி அமுக்கிக்கொண்டே போனபோதுதான் அந்தச் சேனலின் 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சியில் தைக்குடம் பிரிட்ஜ் கண்ணில் பட்டது. கொச்சியில் உள்ள தைக்குடத்தின் பெயரையே வைத்துக்கொண்ட புதுக் குழு. டி.வி.யில் அவர்கள் பெயர் எடுத்ததே அந்த நிகழ்ச்சியில்தான்.

நாம் பார்த்த கச்சேரிகளில் பாடுகிற இரண்டு பேர் முன்னால் நிற்பார்கள், மற்றவர்கள் பின்னால் இருட்டில் இருப்பார்கள். இங்கே ஒரே கூட்டம், ஆளாளுக்குப் பாடுகிறார்கள். கோவிந்த் மேனன் நீள முடியோடு நின்றபடி வயலின் வாசிக்கிறார். வயலின் என்றால் சம்மணம் போட்டு வாசிப்பது என்றே நான் நினைத்திருந்த காலம். (இவர்தான் அப்புறம் கோவிந்த் வசந்தா என்ற பெயரில் '96' படத்துக்கு இசையமைத்தவர்.) அவருடைய அப்பா பீதாம்பரன் மேனனும் அதே குழுவில் பாடகர். இதைச் சொன்னதும் என் அப்பா, "அப்பனும் மவனும் ஒரே மேடையிலயா?" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா சீரியலுக்காக ரிமோட் கேட்டு வந்தவர். பழைய சினிமாப் பாட்டுகளைக் கோத்து அவர்கள் பாட ஆரம்பித்ததும், பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அன்றைக்குச் சீரியல் போனது போனதுதான்.

இப்போது உங்களிடம் வந்த பையன்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பழைய கிதார் ஒன்றை வாங்கி, தேங்காய்க் களத்து ஷெட்டில் பழகி வந்தவர்கள். தவில்காரர் மகனும் கூட இருக்கிறான். நம் ஊர்ப் பேச்சிலேயே பாட்டு கட்டுகிறார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பாட்டு நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

கொங்குப் படையை விரட்டிய கதையை நம் பாலக்காட்டுச் சித்தூரில் வருடா வருடம் கொங்கன்படை என்று கொண்டாடுகிறார்கள். கொங்குத் தமிழ் பேசுகிற நாமும் போய் நின்று பார்த்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு வருகிறோம். அதுவே நமக்கு ஒத்து வரும்போது கிதார் ஒத்து வராதா?

கானமேளாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு முன்னால், மைக்செட்காரர் "ஹலோ, ஹலோ, செக்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள், போதும். பையன்கள் காசு கேட்கவில்லை. சனத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் கூப்பிட வேண்டாம்.

நன்கொடை ரசீதோடு வீட்டுக்கு வருவீர்கள் அல்லவா, அப்போது பதிலையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் ஒன்றாகவே முடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து, வருடம் தவறாமல் வரி கொடுப்பவன்