அக்காவுக்கு, அந்தக் கடிதங்களில் எழுதாமல் விட்டவை

அன்புள்ள அக்கா,

அம்மாவின் றங்குப்பெட்டிக்குள் என்னுடைய பழைய கடிதங்கள் எல்லாம் வெள்ளை நூலால் கட்டியபடி இருந்தன என்று போன கிழமை போனில் சொன்னீர்கள். "எல்லாத்திலயும் நல்ல சுகம் எண்டுதான் எழுதியிருக்கிறாய், வாசிக்கச் சந்தோசமாக் கிடக்கு" என்றும் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. அக்கா, அதில் பாதிக்கு மேல் பொய். அம்மா இருக்கும்வரை அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது உங்களுக்காவது எழுதவேண்டும் போல இருக்கிறது.

1985 மாசி மாதம் நான் வெளிக்கிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குப் பதினான்கு வயது. முறிகண்டியில் யாழ்தேவிக்குக் குண்டு வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரயிலில் போகப் பயந்து அப்பா என்னை வான் வண்டியில் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னோடு படித்த பெடியளில் இரண்டு பேரை ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது, மூன்று பேர் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். என்னை எதற்குக் கொடுப்பது என்று அப்பாவும் அம்மாவும் எத்தனை இரவு விழித்திருந்து கதைத்தார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. அந்த நேரம் எனக்கு அது விளையாட்டுப் போல இருந்தது. பிளேனில் போகப்போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் புழுகித் திரிந்தேன்.

மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின், ஷோனபெல்ட் விமான நிலையம். அங்கே கிழக்கு ஜேர்மன்காரர் வழிப்போக்கு விசா தந்தார்கள். அதோடு ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் போய் இறங்கினால் பாஸ்போர்ட் பார்க்க ஒருவரும் இல்லை. பேர்லினுக்கு நடுவில் மதில் கட்டியதை எல்லை என்று மேற்குக்காரர் ஒத்துக்கொள்ளாததால் அங்கே அவர்கள் காவல் வைக்கவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால்தான் எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் வந்தது. அதே வருடம் ஆடி மாதம் எங்கள் ஆட்களுக்கு அதையும் அடைத்துவிட்டார்கள். ஐந்து மாதம் பிந்தியிருந்தால் என் கதை வேறு.

ஏஜென்சிக்காரர் சொன்ன இடத்தில் சொன்ன ஆள் வரவில்லை. நாங்கள் ஐந்து பேர், நான்தான் ஆகச் சின்னவன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலுறையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்றேன். "பனிமழை பார்த்தேன், நல்ல வடிவு" என்று முதல் கடிதத்தில் எழுதியிருப்பேன், எடுத்துப் பாருங்கள். அம்மா கட்டித்தந்த பருத்தித்துறை வடையில் இரவுக்கு ஒன்றாகச் சாப்பிட்டு, கடைசி வடையைச் சாப்பிட மனமில்லாமல் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன், அது தூளாகி நெடுநாள் பைக்குள் கிடந்தது.

மற்ற நாலு பேரும் அசூல், அதாவது அகதி விண்ணப்பம், அடித்துவிட்டு அகதி முகாமுக்குப் போனார்கள். நான் வயது குறைவு என்று என்னைச் சிறுவர் விடுதியில் விட்டார்கள். அங்கே தமிழ் பேச ஒருவரும் இல்லை. இரவுச் சாப்பாடு இந்த நாட்டில் பாணும் சீஸும் ஆறிப்போன இறைச்சித் துண்டும்தான், அடுப்பு மூட்டுவதில்லை. முதல் மூன்று மாதமும் நான் இரவில் வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். "நல்ல சாப்பாடு தருகிறார்கள்" என்று எழுதினேன். ஒருநாள் விடுதியில் சமைக்கும் அம்மா எனக்காகச் சோறு அவித்தார். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் அரிசியைப் போட்டு, பையோடு கொதிதண்ணீருக்குள் விட்டு, பிறகு கத்திரிக்கோலால் வெட்டித் தட்டில் கொட்டினார். உப்பில்லை, கறியில்லை. முழுவதையும் கையால் தின்று முடித்தேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் அவர்களை அதட்டினார். அவர் ஒன்பது வயதில், 1945 தையில், பிரெஸ்லாவிலிருந்து பனிக்குள் தாயோடு நடந்து வந்தவராம். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. எனக்கு ஜேர்மன் மொழி விளங்கத் தொடங்கிய பிறகுதான் இதைச் சொன்னார். அதற்குப் பிறகு அவரிடம் எனக்கு ஒளிக்க எதுவும் இருக்கவில்லை.

அப்பாவின் விசயத்துக்கு வருகிறேன். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1987 வைகாசியில் வடமராட்சியில் ஆமி இறங்கியது. செல் விழுந்து அப்பா போன செய்தி எழுதிய உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. நீங்களும் அம்மாவும் யாரை வைத்துக் கொள்ளி வைத்தீர்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஒரே ஆண்பிள்ளை நான், பதினாறு வயதில், ஏரோகிராமோடு கட்டிலில் இருந்தேன். "கவலைப்படாதீர்கள், நான் கோயிலுக்குப் போய் அப்பாவுக்கு அர்ச்சனை செய்தேன்" என்று பதில் எழுதினேனா? ஒரு கோயிலும் இருக்கவில்லை அக்கா. இப்போது ஹம் நகரத்தில் கோபுரம் வைத்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் கட்டி முடித்தது, தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வருகிறது. அன்றைக்கு எனக்கு யாரைக் கேட்பது என்றும் தெரியாது. எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டும் என்பது மட்டும் தெரியும். எள்ளுக்கு இந்த மொழியில் என்ன பெயர் என்று தெரியாது. பேர்லினில் குரொய்ஸ்பேர்க் என்ற பகுதியில் துருக்கிக்காரர்களின் கடைகள் நிறைய, அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வளையம் வளையமாக ஒரு பாண், அதன்மேல் முழுக்க எள்ளு. இரண்டு வளையம் வாங்கினேன். பக்கத்தில் ஓடும் வாய்க்கால் கரையில் குந்தியிருந்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்தேன். வெள்ளை எள்ளு, அதுவும் வறுத்தது. மந்திரம் ஒன்றும் தெரியாது. அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீரில் விட்டேன். சுரண்டிய பாணைத் தின்ன முடியவில்லை, எறியவும் முடியவில்லை, வாத்துகளுக்குப் போட்டேன்.

இதை என் மனைவிக்கும் நான் சொன்னதில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தரும் விசாத் துண்டோடு வருடக்கணக்கில் திரிந்தது, வீடுகளுக்குச் சூடேற்றும் குழாய் பூட்டும் வேலை பழகியது, கலியாணம், பிள்ளைகள். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு பதினேழு வருடம் கழித்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பிட்டும் மாம்பழமும் வைத்தபோது நான் பழக்கதோசத்தில் கரண்டி கேட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் எடுத்துத் தந்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நீங்கள் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2015இல் சிரியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் சனம் வந்தபோது தாய் தகப்பன் இல்லாமல் தனியாக வந்த பிள்ளைகள் மட்டும் 42,000க்கும் மேல், இங்குள்ள இளையோர் அலுவலகங்கள் அந்த ஒரு வருடத்தில் பொறுப்பெடுத்தவர்கள். அதில் ஒரு பெடியனுக்கு நான் பாதுகாவலராகப் பெயர் கொடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா? அப்போது அவனுக்குப் பதினைந்து. இப்போது வயரிங் வேலை செய்கிறான், நல்ல பிள்ளை. வந்த புதிதில் ஒருநாள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தவன், வட்ஸப்பில் தாயின் முகம் தெரிந்ததும் எழும்பி உட்கார்ந்து, தலையைக் கையால் வாரி, சிரித்துக்கொண்டு "தமாம், தமாம்" என்றான். எல்லாம் நல்லம் என்று அர்த்தம். போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். எனக்கு நெஞ்சை அடைத்தது. எங்களிடம் வட்ஸப் இருக்கவில்லை, முகம் தெரியாத நீல ஏரோகிராம்தான் இருந்தது, பொய் சொல்ல அது வசதியாகப் போனது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என்னுடைய பயணத்துக்குக் காணி ஈடு வைத்தது போதாமல் உங்கள் கலியாணத்துக்கென்று அம்மா சேர்த்த காப்பும் சங்கிலியும் விற்றது எனக்கு அப்போதே தெரியும். கொழும்பில் லொட்ஜில் வைத்து அப்பா சொன்னார். உங்கள் கலியாணம் எட்டு வருடம் பிந்தியதும் அதனால்தான். பிறகு நான் காசு அனுப்பினேன், காணியை மீட்டோம், அது சரி. ஆனால் ஒருமுறையாவது அந்தக் காப்பைப் பற்றி உங்களிடம் வாய் திறந்து கேட்டிருக்கவேண்டும். கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா.

அம்மாவின் ஆட்டத்திவசத்துக்கு இரண்டு கிழமை முன்னதாகவே வருகிறேன், ரிக்கற் போட்டாயிற்று. கீரிமலைக்கு நாங்கள் இரண்டு பேரும் போவோம், அப்பாவுக்கும் சேர்த்துச் செய்யவேண்டும். கடிதக் கட்டை எறியாமல் அப்படியே வையுங்கள்.

ஒரு கேள்வி. போனில் சொல்லவேண்டாம், எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதங்களை அம்மா நம்பினாரா?

அன்புத் தம்பி