மீட்டரைப் பாக்காதீங்க, பில்லைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய சொகுசு செடான் வாங்குறதப் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். பாதிக்கு மேல சரியாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா பதினஞ்சு வருஷ வண்டியா இருந்தாலும் கிலோமீட்டர் கம்மியா ஓடியிருந்தா தைரியமா வாங்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத அப்படியே விட மனசு வரல. அந்த ஒரே காரணத்துக்காக வாங்கிட்டு அப்புறம் மாசக்கணக்கா ஒர்க்‌ஷாப்புக்கு அலைஞ்சவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். என்கிட்டயும் ரொம்ப வருஷமா ஒரு பழைய ஆறு சிலிண்டர் செடான் இருக்கு, தினமும் ஓட்டுறேன், அதான் எழுதுறேன்.

கார் கெடுறதுக்கு ரெண்டு கணக்கு இருக்கு, ஒன்னு ஓட்டம், இன்னொன்னு வயசு. பிஸ்டன், பேரிங், கியர் பல்லு இதெல்லாம் ஓட்டத்துல தேயும். நல்ல சொகுசு செடான்ல இந்தப் பகுதியெல்லாம் ரொம்ப கெட்டியா செஞ்சிருப்பாங்க, 1989ல லெக்சஸ் எல்எஸ் 400ல வந்த நாலு லிட்டர் வி8 ஆகட்டும், மெர்சிடிஸ் டபிள்யூ124ல வந்த டீசல் இன்ஜின் ஆகட்டும், ஆயில ஒழுங்கா மாத்திட்டு வந்தா லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓடும். வயசுல கெடுறது வேற ரகம். ரப்பர் புஷ், பிளாஸ்டிக், ஆயில் சீல், ஹோஸ், ஒயர் மேல இருக்குற உறை. வண்டி ஓடுச்சா நின்னுச்சான்னு இதுங்க பாக்காது, ஷெட்டுல கவர் போட்டு மூடி வச்சிருந்தாலும் வருஷம் ஆக ஆக காஞ்சு வெடிக்கத்தான் செய்யும். சொகுசு செடான்ல இந்த மாதிரி அயிட்டம்தான் எக்கச்சக்கம், செலவு வைக்கிறதும் அதுங்கதான்.

அதே டபிள்யூ124யவே எடுத்துக்கோங்க. 1992லருந்து 1995 வரைக்கும் வந்த பெட்ரோல் மாடல் பலதுல இன்ஜின் ஒயரிங்குக்கு போட்ட உறை சூடு தாங்காம சில வருஷத்துலயே உதிர ஆரம்பிச்சிரும். அந்த ஒயர லேசா வளைச்சுப் பாத்தா போதும், மேல இருக்குற உறை விரிசல் விட்டு சில்லு சில்லா விழும், உள்ள செம்பு பளிச்சுனு தெரியும். பக்கத்து ஒயரோட உரசுனா ஷார்ட் ஆகும், இன்ஜின் மிஸ் அடிக்கும், நேரம் சரியில்லன்னா இன்ஜின ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர், அதாவது கன்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்து போகும். இந்த வண்டி எவ்ளோ கம்மியா ஓடியிருந்தாலும் இந்தப் பிரச்சனை வரும். அந்த மாடல வாங்குறவர் பாக்க வேண்டியது ஒயரிங் மாத்தினதுக்கு பில் இருக்கான்னுதான், மீட்டர்ல என்ன நம்பர் ஓடுதுங்கறது அப்புறம்.

கூலிங் சிஸ்டமும் அப்படித்தான். 1990கள்ல வந்த வண்டி பலதுல ரேடியேட்டர் டேங்க், தெர்மோஸ்டாட் ஹவுசிங், கூலன்ட் (இன்ஜின குளிர வைக்கிற திரவம்) பாட்டில் எல்லாம் பிளாஸ்டிக்தான், பிஎம்டபிள்யூ இ39 (பழைய 5 சீரிஸ்) வச்சிருக்குறவங்கள கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. என் வண்டில ரேடியேட்டர கழட்டினப்ப மேல் ஹோஸ் மாட்டுற கழுத்துப் பகுதிய கட்டைவிரலால அழுத்தினேன், அந்த கருப்பு பிளாஸ்டிக் பழுப்பு நிறமாயி பொடிப்பொடியா கைல வந்துச்சு. அன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல, ஹீட் ஆனதும் இல்ல! நெடுஞ்சாலைல போகும்போது அது உடைஞ்சிருந்தா கூலன்ட் மொத்தமும் கொட்டியிருக்கும், இன்ஜினோட அலுமினியம் ஹெட் வளைஞ்சிருக்கும், ஒரு ரேடியேட்டரோட போக வேண்டியது இன்ஜின் வேலையா முடிஞ்சிருக்கும். இதுல இன்னொரு விஷயம், இந்த மாதிரி வண்டி நிறையதுல டெம்பரேச்சர் முள்ளு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவுலயே நிக்கிற மாதிரி வச்சிருப்பாங்க, ஓட்டுறவர் பயப்படக் கூடாதுன்னு. அது நகர ஆரம்பிக்கும்போது ஏற்கனவே லேட்டாயிருக்கும். அதனால உடையுற வரைக்கும் காத்திருக்காம ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாத்தயும் ஒரே தடவைல மாத்திடறதுதான் லாபம், லேபரும் மிச்சம்.

அடுத்து இந்த "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு சொல்ற கியர்பாக்ஸ் ஆயில். உங்க கட்டுரையிலயும் அதையே திருப்பி எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு அத இனிமே போடாதீங்க சார். பல சொகுசு செடானுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செஞ்சு குடுக்குற ஜெட்எஃப் கம்பெனியே 80,000லருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா எட்டு வருஷத்துக்கு ஒருதடவை ஆயில மாத்தச் சொல்லுது. செஞ்சவனே மாத்துன்னு சொல்லும்போது கார் விக்கிறவங்க வேண்டாம்னு சொல்றத எதுக்கு நம்பணும்? எட்டு வருஷம்ங்கறதயும் கவனிங்க, ஓட்டம் பாதிகூட வரலன்னாலும் வயசுக் கணக்குல ஆயில் மாத்தியாகணும். கிலோமீட்டர் கம்மின்னு பெருமையா விக்கிற பழைய வண்டில பெரும்பாலும் ஃபாக்டரில ஊத்தின ஆயில்தான் இன்னும் இருக்கும்.

பிரேக் ஆயிலும் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும். டாட் 4ங்கற ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கணும்னு விதி, ஈரம் ஏறின ஆயிலுக்கு அதுவே 155 டிகிரிதான். ரெண்டு டன் கிட்ட இருக்குற வண்டி இறக்கத்துல இறங்கும்போது அந்த வித்தியாசம் உயிர் விஷயம். டயரும் பாருங்க, பக்கவாட்டுல DOTனு எழுத்து போட்ட வரிசையோட கடைசில நாலு நம்பர் இருக்கும், 2314ன்னா 2014ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். டயர்ல தரைய தொடுற பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும்.

சும்மா நிக்கிற வண்டிக்கு வேற சீக்கும் வரும். பேட்டரி இறங்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்றாங்க, அது இன்னும் மோசம், ஆயில் முழுசா சூடாகாததால உள்ள சேர்ற ஈரம் போகாம அப்படியே தங்கிடும். ஓட்டுனா நல்லா அரைமணி நேரமாவது ஓட்டணும்.

சன்ரூஃப் இருக்குற வண்டின்னா இன்னொன்னு கட்டாயம் பாக்கணும், இத யாருமே எழுத மாட்டேங்கறாங்க. சன்ரூஃப் ஓரத்துல தண்ணி வடியறதுக்கு சின்ன டியூப் இருக்கும், கூரையோட மூலையிலருந்து தூண் வழியா கீழ வரைக்கும் வரும். மரத்தடில நிறுத்துற வண்டின்னா இலையும் தூசியும் சேர்ந்து அது அடைச்சுக்கும். அப்புறம் மழைத்தண்ணி வெளிய போக வழியில்லாம உள்ள இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில இருக்குற கனமான ஸ்பாஞ்சுல நிக்கும். மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளங்கைய வச்சு பலமா அழுத்திப் பாக்கணும், ஈரம் இருந்தா விரல் இடுக்குல தண்ணி ஏறும். நிறைய சொகுசு செடான்ல ஒயர் ஜாயின்ட்டும் கன்ட்ரோல் யூனிட்டும் சீட்டுக்கு அடியிலயோ தரைக்கு அடியிலயோதான் வச்சிருப்பாங்க. ஜன்னல் தானா இறங்குது, லைட் தானா எரியுது, பேட்டரி ராத்திரில இறங்குதுன்னு எலக்ட்ரீஷியன் மாத்தி எலக்ட்ரீஷியனா அலையுறவங்கள்ல சிலருக்கு உண்மையான காரணம் இந்த பென்சில் தடிமன் டியூப்தான்.

ஏர் சஸ்பென்ஷன் பத்தியும் சொல்லணும். 1998ல வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் டபிள்யூ220லருந்து இது பரவலாச்சு. இதுல ஸ்பிரிங்குக்கு பதிலா வண்டியத் தாங்குற காத்துப் பையோட ரப்பர் வயசாகி லேசா கசிய ஆரம்பிச்சா வண்டி காலைல ஒரு மூலை இறங்கி நிக்கும், ஸ்டார்ட் பண்ணதும் ஏறிடும், அதனால கண்டுக்க மாட்டாங்க. ஆனா அந்தக் கசிவ ஈடுகட்ட காத்தடிக்கிற கம்ப்ரசர் ஓயாம ஓடி ஓடி எரிஞ்சுபோகும். அப்புறம் கம்ப்ரசர மட்டும் புதுசா போட்டா அதுவும் போகும், கசிவ மொதல்ல சரி பண்ணணும். விக்கிறவங்க வண்டிய காட்டும்போது ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா சந்தேகப்படுங்க, ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல போய்ப் பாருங்க.

ஆக என் கோரிக்கை இதுதான். நீங்க போடுற யூஸ்டு கார் டேபிள்ல கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் இருக்கு, மாடல் வருஷம் இருக்கு, விலை இருக்கு. அதோட பக்கத்துல கூலிங் பார்ட்ஸ், கியர்பாக்ஸ் ஆயில், சஸ்பென்ஷன் ரப்பர், டயர் இதெல்லாம் கடைசியா எந்த வருஷம் மாத்தினதுன்னும் போடுங்க. ரெண்டு லட்சம் ஓடி எல்லாத்துக்கும் பில் இருக்குற வண்டியும், நாப்பதாயிரம் ஓடி ஒரு பில்லும் இல்லாத வண்டியும் ஒரே விலைக்கு வந்தா நான் யோசிக்காம மொதல் வண்டியத்தான் எடுப்பேன். வாங்குன விலை குறைஞ்சிருக்கலாம், ஸ்பேர் விலை குறையல, அது இன்னமும் புதுசுல விலை ஜாஸ்தியா இருந்த வண்டியோட ஸ்பேர்தான்னு கட்டுரையோட முதல் பாராவுலயே எழுதுங்க.

ரெண்டாவது பாகம் வரும்னு போட்டிருக்கீங்க. அதுல ஸ்கேன் பண்றதப் பத்தி எழுதுறதா இருந்தா, வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவான கோளாற படிக்கிற சாதா ஓபிடி கருவி பெரும்பாலும் இன்ஜின் கோளாறு நம்பர் மட்டும்தான் காட்டும், ஏர்பேக், ஏபிஎஸ், சஸ்பென்ஷன் எல்லாம் பாக்கணும்னா அந்த கம்பெனி வண்டிக்கு உண்டான ஸ்கேனர் வேணும்ங்கறதயும் மறக்காம சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
பழைய செடான் வச்சிருக்கும் உங்க வாசகர்