மலையக மக்கள் உரிமைப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் டிவிசன்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி கடதாசி வேலைதான். வெள்ளைக்காரர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவந்து குடியேற்றிய எங்கள் சனத்தை, அவர்கள் போன கையோடு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வெளியே தள்ளியது. தந்தை இலங்கையில் பிறந்தவர், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு அந்தக் காலத்துப் பதிவு எங்கே இருக்கும்? ஏழு லட்சம் பேருக்கு மேல் நாடற்றவரானார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களது வழிவந்தோருக்கும் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது. ஆனால் தகரப்பெட்டியில் கிடக்கும் பத்திரங்கள் இன்னும் பழைய கதையையே சொல்கின்றன.

அதிகம் வந்தது பெயர்ச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் முத்துலட்சுமி, அடையாள அட்டையில் முத்துலெட்சுமி, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் வெறும் லெச்சுமி. ஊழியர் சேமலாப நிதி கேட்கும்போதுதான் மூன்றும் ஒருவர்தானா என்ற கேள்வி எழுகிறது. சத்தியக் கடதாசி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவது வீண் அலைச்சல். பிறப்புச் சான்றிதழைத் திருத்திய பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருத்த நேரிடும். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள், முதலில் பதிவேடுகளைத் தேடுவித்துப் பதிவில்லை என்ற எழுத்தைப் பெற்று, பாடசாலைச் சேர்விடாப்பு, பெற்றோரின் திருமணச் சான்று ஆகியவற்றோடு பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குத் தனி எச்சரிக்கை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. கடவுச்சீட்டு எடுத்தும் 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியா போகும் கப்பல் நின்றதால் தங்கிவிட்ட குடும்பங்கள் பல. அவர்களும் 2003 சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்து இலங்கையரானார்கள். கடவுச்சீட்டைக் கண்டதும் "நீங்கள் இந்தியர்" என்று திருப்பி அனுப்பினால், பிரகடனப் பத்திரத்தைக் காட்டுங்கள். பயந்துபோய்க் கடவுச்சீட்டைக் கிழிக்க வேண்டாம். பழைய விபரங்களுக்கு அதுவும் ஒரு சான்று.

காணி விடயத்தில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட 7 பேர்ச் காணி என்றால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவோடு (அறையோடு) ஒப்பிட்டால் பெரிதுதான். ஆனால் வீட்டுச் சாவி கிடைப்பதும் காணி உறுதிப் பத்திரம் கிடைப்பதும் ஒன்றல்ல. தோட்டக் காணி அரசுடையது, கம்பனியின் கையில் குத்தகைக்கு இருப்பது. கம்பனி விடுவித்து, நில அளவை வரைபடம் வந்து, பெயரில் பதிவான பின்னரே வங்கி அதை ஏற்கும். உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும் வர வேண்டும் என்று நிருவாகக் குழு தீர்மானித்துள்ளது. இதற்கு முணுமுணுத்தவர்களும் உண்டு.

விலாசம் இன்னும் தீரவில்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனும் மட்டுமே எழுதப்படுவதால் கடிதங்கள் தோட்டக் கந்தோரில் தேங்குகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வருகிறது. லய இலக்கமும் காம்பரா இலக்கமும் சேர்த்த பட்டியலை டிவிசன் வாரியாகத் தயாரித்துத் தபாலகத்துக்குக் கொடுப்பது வரும் ஆண்டின் முதல் வேலை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆவண உதவிக்கு வருவோர் மூலப் பத்திரத்தோடு இரண்டு பிரதிகளும் கொண்டு வரவும். மூலத்தை எவரிடமும், எம்மிடமும்கூட, விட்டுச் செல்ல வேண்டாம்.

செயலாளர்