பொறுமை இல்லாமல் விடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் குழந்தையின்மை பற்றி ஒரு மருத்துவரின் பேட்டி வந்திருந்தது. பயனுள்ள பேட்டிதான். ஆனால், “ஒரு முறை தோற்றதும் பலர் பொறுமையில்லாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தார். அப்படிச் சிகிச்சையை விட்டவர்களில் நானும் ஒருத்தி. அரியலூரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு சிமென்ட் ஆலையில் ஷிப்டு. ஏன் நிறுத்தினீர்கள் என்று இதுவரை எங்களை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பணம் ஒரு காரணம், இல்லையென்று சொல்லமாட்டேன். திருச்சியில் ஒரு ஐ.வி.எஃப். சுழற்சி, அதாவது முட்டையையும் விந்தணுவையும் வெளியே சேர்த்துக் கருவாக்கி கருப்பையில் வைக்கும் சிகிச்சை ஒரு முறை, ஊசி மருந்தெல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தொட்டுவிட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். என்ற அவர்களுடைய மருத்துவத் திட்டத்தில் ஒரு சுழற்சிக்கு ஒரு வரம்பு வரை பணம் கிடைக்கும். நாங்கள் வைத்திருக்கும் பாலிசியில் குழந்தையின்மை சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று தெளிவாகவே அச்சடித்திருக்கிறார்கள். நகை அடகுக்குப் போனது. சரி, நகையை எப்போதாவது மீட்டுவிடலாம்.

லீவுதான் மீட்க முடியாதது. மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஊசி, நடுநடுவே முட்டை வளர்ச்சி பார்க்க ஸ்கேன். காலை டோக்கன் வேண்டுமென்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். ஸ்கேனை அரியலூரிலேயே எடுத்து அனுப்புகிறோம் என்றால், வெளி ஸ்கேன் ஏற்கமாட்டோம் என்றார்கள். திரும்பி வரும்போது மடியில் ஊசி மருந்து, ஐஸ் வைத்த தெர்மாகோல் டப்பாவில். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஒருவர் “என்னம்மா, மீனா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் தைராய்டு என்று சொல்லி வைத்திருந்தேன். சம்பளப் பிடித்தம் போனால் போகட்டும், அட்மிஷன் நேரத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்களின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

எங்கள் விஷயத்தில் குறைவு என் கணவரின் விந்தணு எண்ணிக்கையில். ஆனாலும் ஊசியெல்லாம் எனக்குத்தான், முட்டை என்னிடமிருந்துதானே எடுக்க வேண்டும். இது மாமியாருக்கு இன்று வரை தெரியாது. பிள்ளை வரத்துக்காகத் தரும் திருக்கருகாவூர் கோயில் நெய்யையும் நான்தான் சாப்பிட்டேன். அதற்காக என் கணவர் சும்மா இருந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விந்து மாதிரி கொடுக்கும் அறை பில் கவுண்டரை ஒட்டி இருந்தது. அட்டெண்டர் டப்பாவை நீட்டி, “சார், சீக்கிரம் கொடுத்துடுங்க, பின்னால ரெண்டு பேர் இருக்காங்க” என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். வீடு வந்து சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. ஆண்கள் ஒத்துழைப்பதில்லை என்று எழுதுகிறவர்கள் அந்த அறையை ஒரு முறை எட்டிப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் நாங்கள் தொடர்ந்திருப்போம். நின்றது ரிசல்ட் வந்த பிறகுதான். கரு வைத்து இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. முடிவு வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வந்தது. கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. ஐந்துக்குக் கீழே, அதாவது கரு தங்கவில்லை. நான் அப்போது கவுண்டரில் டெர்ம் ஃபீஸ் ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். போன் செய்தால், “மருந்தையெல்லாம் நிறுத்திடுங்க மேடம், பீரியட்ஸ் வந்ததும் கூப்பிடுங்க” என்றது ஒரு குரல். கரு ஏன் நிற்கவில்லை, அது நன்றாக இருந்ததா, அடுத்த முறை எதை மாற்றுவார்கள், எங்களுக்கு உண்மையில் எவ்வளவு வாய்ப்பு, எதையும் யாரும் சொல்லவில்லை. அப்புறம் அந்த மையத்திலிருந்து ஒரு போன் வந்தது உண்மைதான். உறைநிலையில் வைத்திருக்கும் மீதிக் கருவுக்குக் கட்டணம் புதுப்பிக்கச் சொல்லி!

2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெற்றி வாய்ப்பு உட்பட எல்லாவற்றையும் விளக்கி தம்பதிக்கு முறையான ஆலோசனை தருவது மையத்தின் கடமை. எங்களுக்குக் கிடைத்த ஆலோசனை, எந்த பேக்கேஜில் எது சேரும் என்பதுதான். ஸ்வீடனில் மூன்று சுழற்சி வரை அரசு செலவில் கிடைத்த தம்பதிகளிலும் பலர் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முதலில் நின்றது மனச்சுமை என்று அங்கே நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அங்கே அடகு வைக்க வேண்டியதில்லை, அப்படியும்!

எனவே, தோற்றுப்போனவர்களை ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டு, கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, மருத்துவரே அரை மணி நேரம் பேசட்டும். பில் இல்லாமல். இனி வாய்ப்பு குறைவு என்றால் அதையும் அப்போதே சொல்லட்டும். தெரிந்து நிறுத்துவது வேறு, இப்படி அறுந்துபோவது வேறு.

அரசுக்கும் ஒன்று. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் தொடங்கியது பெரிய காரியம். ஆனால் வேலைக்குப் போகிற அரியலூர்க்காரி ஒருத்தி ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சென்னை போய் வர முடியாது. இங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஸ்கேனும் ஊசியும் இங்கே, முட்டை எடுக்கவும் கரு வைக்கவும் மட்டும் அங்கே என்று பிரித்துக் கொடுத்தால், விட்டவர்களில் சிலராவது திரும்பி வருவார்கள். நானும் யோசிப்பேன்.

கடிதத்தை வெளியிட்டால் பெயரைப் போட வேண்டாம். பள்ளியில் இன்னும் தைராய்டுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அரியலூர்