பசறை மலைத்தோட்டங்களிலிருந்து கல்குடாவுக்கு ஆகஸ்ட் விடுமுறை பஸ் வேண்டி மீண்டும் ஒரு மனு

மாகாணப் போக்குவரத்துப் பொறுப்பதிகாரி அவர்கட்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வருடமும் அதற்கு முன்னரும் இதே விடயமாகத் தங்கள் காரியாலயத்தில் மனுக் கொடுத்தோம். "பார்க்கலாம்" என்ற வாய்வார்த்தை கிடைத்தது. எழுத்தில் ஒரு வரியும் வரவில்லை. பாடசாலை விடுமுறை நெருங்குவதால் பணிவுடன் மறுபடியும் எழுதுகிறோம்.

1. லுணுகலை, பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் இறங்கி, வாழைச்சேனைப் பக்கம் திரும்பிக் கல்குடா போகும் பாதை தாங்கள் அறியாததல்ல. கல்குடாவை ஒட்டிய பாசிக்குடாவில் முருகைக்கற்பாறை அலையை மறிப்பதால் நெடுந்தூரத்துக்கு ஆழம் குறைவு. நீந்தத் தெரியாத மலைநாட்டுப் பிள்ளைகளை நம்பி இறக்கக்கூடிய கடல் அது. அறுகம்குடா அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு நல்லது, எங்களுக்குச் சரிவராது.

2. டிசம்பர் விடுமுறையில் வடகீழ்ப் பருவக்காற்றால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். ஆகவே ஏப்ரலை விட்டால் ஆகஸ்ட்தான்.

3. ஐயா, எங்களை மிகவும் வருத்துவது இதுதான். பசறையிலிருந்து எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்குக்குக் கடைசி பஸ் மாலை ஆறரைக்குப் போய்விடுகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் நண்பகலுக்கு முன்பே கடலை விட்டுக் கிளம்ப வேண்டும். இருட்டோடு எழும்பி, ரொட்டியும் கட்டசம்பலும் கட்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால் பிள்ளைகள் மணலில் கால் வைத்துக் கொஞ்ச நேரத்தில் "கரையேறு, கரையேறு" என்று சத்தம் போட வேண்டியிருக்கிறது. சின்னதுகள் அழும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறோம். 1977 இனக்கலவரத்துக்குப் பின் கிழக்கில் போய்க் குடியேறிய எங்கள் சொந்தங்கள் செங்கலடிப் பக்கம் இருக்கிறார்கள். கூலி வேலை முடித்து அவர்கள் கடற்கரைக்கு வந்து சேரப் பின்னேரம் நாலு மணியாகும். அக்காவும் தங்கச்சியும் ஒரு பாயில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். அவர்கள் வரும்போது நாங்கள் மகாஓயாவில் பஸ்ஸுக்குள் இருக்கிறோம்! பொறுத்திருந்து பார்த்துவிட்டு வந்தாலோ, இரவில் பசறை பஸ் நிலையத்தில் என்ன கிடைக்கும் என்று தாங்களே அறிவீர்கள். ஆட்டோக்காரர் கேட்கும் காசு நாட்சம்பளக்காரர் கொடுக்கக்கூடியதா? ஈரத்துணி மூட்டையோடு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சமில்லாத தேயிலை ரோட்டில் ஏறி வருகிறோம். வயதான அம்மாமார் இப்போது "நான் வரல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று லயத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

4. வேன் பிடித்துப் போகலாமே என்று சென்ற முறை கவுண்டரில் ஒருவர் சொன்னார். வேனுக்குக் காசிருந்தால் ஏன் மனு எழுதுகிறோம்? ஆகஸ்ட் வறட்காற்றில் ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம் வரும், விலையும் வரும். ஆனால் கொழுந்து குறைவதால் எங்களுக்கு வேலைநாள்தான் குறைகிறது. அந்த மாதத்தில் வேன் கூலிக்கு எங்கே போவது? பிள்ளைகள் கடலைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்தால் போதும் என்று யாராவது நினைக்கிறார்களா, ஐயா?

கோபத்தில் எழுதியதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். ஆகஸ்ட் விடுமுறையின் சனிக்கிழமைகளில் மட்டும், மேக்கணக்குச் சந்தியிலிருந்து விடிய நாலு மணிக்குக் கல்குடாவுக்கு நேரே ஒரு பஸ். அதே பஸ் பின்னேரம் ஐந்தரைக்குப் புறப்பட்டு, பசறையில் நிறுத்திவிடாமல் சந்தி வரைக்கும் எங்களைக் கொண்டுவந்து விட வேண்டும். டிக்கட் காசு கொடுத்தே வருகிறோம், இலவசம் கேட்கவில்லை. ஆசன எண்ணிக்கைக்கு ஆட்கள் சேர்வார்களா என்ற சந்தேகமிருந்தால், முன்கூட்டியே பெயர்ப் பட்டியலும் பணமும் கட்டத் தயாராக இருக்கிறோம்.

முடியாதென்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள், ஐயா. முடியுமென்றால் விடுமுறை தொடங்குமுன் அறிவியுங்கள். சொந்தங்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மேக்கணக்கு, கீழ்க்கணக்கு லயன் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)