கொங்கு வீடுகளுக்குக் கடல் எதற்கு என்கிறாரா விமர்சகர்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இந்த ஞாயிறு மலரில் அந்த ஆழ்கடல் டிவி தொடருக்கு வந்த விமர்சனத்தில், "கடல் வாசமே அறியாத கோவை, ஈரோட்டு வீடுகளில் வேண்டுமானால் வாய்பிளந்து பார்ப்பார்கள்" என்று ஒரு வரி. அதைத் தாங்கள் படித்துப் பார்த்தும் அச்சேற விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் கணபதியில் பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் பாடியை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பத்து கிலோ பிரஷர் கொடுத்தால், கண்ணுக்கே தெரியாத ஊசித்துளையிலிருந்து தண்ணீர் வெள்ளைநூல் மாதிரி பீய்ச்சி எதிர்ச்சுவரை நனைக்கும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிலோ என்பது வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கே தெரிந்த கணக்கு. ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில், சதுர சென்டிமீட்டருக்கு அறுநூறு கிலோ! தொடரில் அந்த ஆழத்தில் கலத்தின் ஜன்னலில் விரிசல் விழுந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது, கதாநாயகன் துணியை வைத்து அடைக்கிறான். மேலே கப்பலில் இருப்பவர்களோடு ஃபோனில் பேசுவதுபோல உடனுக்குடன் பேசுகிறான். கடல்நீரில் ரேடியோ அலை அவ்வளவு தூரம் போகாது. ஒலியைத்தான் அனுப்ப வேண்டும், அது மேலே போய்ச் சேரவே நான்கு விநாடி ஆகும். தொடரின் உண்மையான குறைகள் இவை. உங்கள் விமர்சகரோ கதாநாயகியின் தலைமுடி கலையவில்லை என்று அரைப்பத்தி எழுதியிருக்கிறார்.

இத்தனை குறை தெரிந்தும் ஒரு நாள் விடாமல் பார்த்தோம். வெளிச்சம் மெல்ல மெல்லச் செத்து, ஜன்னலுக்கு வெளியே மொத்தமும் இருட்டாகும் அந்தக் காட்சியில் என் அம்மா கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, "ஏஞ்சாமி, அந்தப் பையன் மேல வந்துருவானா?" என்று கேட்டார். அது ஒன்றே போதும், நல்ல தொடர்தான். 1960-இல் பிக்கார்ட், வால்ஷ் என்ற இருவர் கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடிக்குப் போனபோது, வழியிலேயே கலத்தின் வெளி ஜன்னல் ஒன்று விரிசல் விட்டது. அப்படியும் அடிவரை போய்த் திரும்பினார்கள். தொடரைப் பார்த்த பிறகு என் மகன் தேடிப் படித்துச் சொன்னது இது.

நம் சென்னைப் பள்ளிக்கரணையிலேயே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்க 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்கி வருவது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆட்கள் உட்காரும் உருண்டை டைட்டானியத்தால் ஆனது, கனம் மட்டும் 80 மில்லிமீட்டர். தங்கள் நாளிதழில் அதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரையும் நான் பார்த்ததில்லை. புதன்கிழமை அறிவியல் பக்கத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினீர்கள். அப்புறம் கோவைப் பதிப்பு என்றால் நூல் விலை, மஞ்சள் விலை, நகைக்கடை விளம்பரம். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டு மோட்டார் இறக்குகிற ஊருக்கு ஆழத்தைப் பற்றிப் படிக்க ஆசை இருக்காதா? சென்ற வருடம் இதையெல்லாம் எழுதினேன். பாராட்டிய இரண்டு வரியை மட்டும் வெளியிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை.

சரி, இப்போது கேட்பது ஒன்றுதான். தொடரின் மறுஒளிபரப்பு இரவு பத்தரைக்கு. தங்கள் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒன்பதரை என்றே தொடர்ந்து வருகிறது. அம்மா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறார். நேரத்தைத் திருத்திப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கணபதி, கோவை.